ஜூ வீட்டு முக்கில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஜூஜியாஜியாவ் (ஜூ வீட்டு முக்கு என்று பொருள்) ஊர்ப் பெரியோர்களுக்கும், படகோட்டிகளுக்கும், கடைத்தெரு அம்மாமார்களுக்கும், ஷாங்காய் மெட்ரோ பணியாளர்களுக்கும் எங்கள் வணக்கம்.

ஷாங்காயில் குடியிருக்கும் நாங்கள், ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் சிங்பு மாவட்டத்தில் இருக்கும் உங்கள் கால்வாய் ஊருக்கு ஒருநாள் பயணமாக அழைத்து வருகிறோம். போன வேகத்தில் யாரும் களைத்துத் திரும்பியதில்லை என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். பொத்தாம்பொதுவாக நன்றி சொல்வதில் எங்களுக்கு நிறைவில்லை. யார் எதைச் செய்தீர்கள், அதனால் எது தவிர்ந்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி மெட்ரோ நடைமேடையில் நிற்பவர்களுக்கு. வழி தவறுவது பெரும்பாலும் அங்கேதான். 17-ஆம் தடம் ஹோங்சியாவ் ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. நகரத்திலிருந்து 2-ஆம் தடத்திலோ 10-ஆம் தடத்திலோ அங்கே வந்து சேரலாம். ஆனால் 10-ஆம் தடம் லோங்ஷி ரோட்டில் இரண்டாகப் பிரிகிறது. பாதி வண்டிகள் ஹாங்ஜோங் ரோட்டுக்குப் போய்விடும். போதாததற்கு ஹோங்சியாவ் என்று தொடங்கும் பெயர்களே அந்தத் தடத்தில் நான்கு: ஹோங்சியாவ் ரோடு, விமான நிலைய முதல் முனையம், இரண்டாம் முனையம், ரயில் நிலையம். இதில் கடைசிதான் நமக்கு. வண்டி வருமுன் பலகையைக் காட்டி, 'இது இல்லை, அடுத்தது' என்று கையசைத்துத் தடுத்து நிறுத்திய பணியாளர்களே, முதியவர்களோடு வரும் எங்களுக்கு அந்தக் கையசைப்பின் அருமை நன்றாகத் தெரியும்.

17-ஆம் தடம் 2017 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஹோங்சியாவ் ரயில் நிலையத்தில் ஏறினால் 11-ஆவது நிறுத்தம் ஜூஜியாஜியாவ். வெளியே வந்து சுமார் 20 நிமிடம் நடந்தால் பழைய ஊர். கைபேசிக் குறியீட்டைக் காட்டி மெட்ரோவுக்குள் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒரு கைபேசிக்கு ஓர் ஆள்தான், எந்தக் கைபேசியைக் காட்டி நுழைந்தோமோ அதையே காட்டித்தான் வெளியேற வேண்டும். நாள் முழுக்கப் படம் எடுத்து மின்கலம் தீர்ந்துபோனால் வாயிற்கதவு திறக்காது. அப்படி நின்றவர்களைச் சேவை மேசைக்கு அழைத்துப்போய்ப் பொறுமையாக வெளியே அனுப்பி வைத்தவர்களுக்கும் நன்றி. இப்போதெல்லாம் ஆளுக்கொரு மின்சேமிப்பான் கொண்டு வருகிறோம்.

படகுத்துறை அம்மா, ஐயா, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் படகின் பின்முனையில் இருப்பது சாதாரணத் துடுப்பு அல்ல. அதற்கு 'லூ' என்று பெயர். ஒரு லூ மூன்று துடுப்புக்குச் சமம் என்று உங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அதன் நடுப்பகுதியில் ஒரு குழி. படகில் பதித்த உருண்டைத் தலை முளையின் மேல் அந்தக் குழி உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடியிலிருந்து ஒரு கயிறு கீழே படகின் தளத்தோடு கட்டியிருக்கிறது. கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்து, பிறகு தள்ளி, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைச் சற்றே திருப்புகிறீர்கள். நீருக்குள் இருக்கும் அலகு மீன்வால் போல இருபுறமும் சாய்ந்து சாய்ந்து படகை முன்னே தள்ளுகிறது. அலகு நீரை விட்டு வெளியே வருவதே இல்லை. அதனால்தான் இவ்வளவு குறுகிய கால்வாயில் எதிரே படகு வந்தாலும் இடிக்காமல் விலக முடிகிறது. சுக்கானும் அதுதான், உந்துவதும் அதுதான்.

கயிறு தளர்ந்தாலோ படகு திடீரென ஒருபக்கம் சாய்ந்தாலோ லூ முளையிலிருந்து கழன்றுவிடும். பாலம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து படம் எடுக்கக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பது அதற்காகத்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கண்டிப்பை அன்போடு புரியவைத்தீர்கள். கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு என்பதையும், ஆறு பேர் சேர்ந்து ஏறினால் செலவு குறையும் என்பதையும் நீங்களே முன்வந்து சொன்னீர்கள். ஏறுமுன் 'எந்தத் துறையில் இறக்குவீர்கள்' என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஏறிய இடத்துக்கே திரும்பாத படகும் உண்டு. மாலையில் துறைகள் சீக்கிரம் மூடிவிடும் என்பதால், முதலில் படகு, பிறகு கடைத்தெரு என்று வைத்துக்கொள்ளச் சொன்னதும் நீங்கள்தான்.

கரையில் கல்லைக் குடைந்து கயிறு கட்டும் துளையை நீங்கள் படகின் மூக்கு என்கிறீர்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டு வளர்ந்த எங்கள் பெரியவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஃபாங்ஷெங் பாலத்தைப் பற்றிச் சொல்லித் தந்த முதியவருக்கும், அந்தப் பாலத்தைக் கட்டியவர்களுக்கும் சேர்த்தே நன்றி. 1571-இல், மிங் அரசர்களின் காலத்தில், ஷிங்சாவ் என்ற துறவி நிதி திரட்டி எழுப்பிய பாலம் அது. 1812-இல் மீண்டும் கட்டினார்கள். நீளம் சுமார் 70 மீட்டர், அகலம் 5.8 மீட்டர், உயரம் 7.4 மீட்டர். ஐந்து வளைவுகளில் நடுவளைவு பெரியது, கரையை நெருங்க நெருங்கச் சிறியது. வளைவுகளைத் தாங்கும் தூண்கள் பார்ப்பதற்கு நம்ப முடியாத அளவு ஒல்லி. சேற்று மண்ணில் பாரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஒரு வளைவின் உந்தலை அடுத்த வளைவு வாங்கி, ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்று போனால் மற்றதும் ஆட்டம் காணும். உச்சியில் நான்கு மூலையிலும் உட்கார்ந்திருக்கும் கல் சிங்கங்களைத் தொட்டுப் பார்க்காமல் எங்கள் வீட்டுக் குழந்தைகள் இறங்குவதில்லை.

ஃபாங்ஷெங் என்றால் உயிரை விடுவித்தல். பாலத்தின் கீழே வலை வீசக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. பாலத்தருகே நீரில் விடுவதற்கென்றே பையில் மீன் விற்பார்கள். வாங்கினால் மேலிருந்து வீசாமல், படித்துறைக்கு இறங்கி, பையை நீர்மட்டத்தில் சாய்த்து விடுங்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னார். வாங்காமலே கும்பிட்டு நகர்வது இன்னும் நல்லது என்பது எங்கள் எண்ணம். தொட்டியில் வளர்ந்த மீனுக்குக் கால்வாய் வீடாகாது.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை பெய்யும் பிளம் மழையில் பாலத்தின் படிக்கற்கள் வழுக்கும். பல தலைமுறைக் கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்ட கற்கள். பிடிப்பு உள்ள செருப்பு வேண்டும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் பாலத்தில் ஏறாது. வண்டியைத் தூக்கிக்கொண்டு மறுகரை வரை வந்த இளைஞர்களே, உங்கள் பெயரைக் கேட்கக்கூட விடாமல் போய்விட்டீர்கள்.

வடக்குத் தெருவில் ஜோங்ஸி கட்டும் அம்மாமார்களுக்கு: ஊறவைத்த இலையைக் கூம்பாக மடித்து, பசையரிசியை இட்டு, நடுவில் சேர்க்கையை வைத்து, நூலால் சுற்றும் உங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடுகிறது. கட்டு தளர்ந்தால் தண்ணீர் புகுந்து குழைந்துவிடும். இறுக்கிவிட்டால் அரிசி உப்ப இடமின்றி நடுவில் வேகாமல் நிற்கும். எங்களில் சைவ உணவுக்காரர்கள் பலர். சிவப்புப் பயறு வைத்ததை வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தோம். பயற்று விழுதைப் பன்றிக்கொழுப்பில் கிளறுவதுண்டு என்று எச்சரித்து, கொழுப்பு சேராததை எடுத்துத் தந்தீர்கள். அந்த நேர்மைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இப்போது 'சைவம், பன்றிக்கொழுப்பும் கூடாது' என்று சீனத்தில் எழுதிய வரியைக் கைபேசியில் வைத்துக் காட்டுகிறோம். சைவக்காரர் தயங்காமல் வாங்கக்கூடியது உப்பிட்டு அவித்துக் கரியடுப்பில் உலர்த்திய பச்சை சோயா. வழிநெடுகக் கொறிக்கலாம்.

அந்தப் பாட்டிகள் நோட்டையும் வாங்கிச் சில்லறை தருகிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் கைபேசிப் பணம்தான். வெளிநாட்டு அட்டையை அலிபே என்ற பணச் செயலியில் இணைக்கும்போது கடவுச்சீட்டு விவரம் கேட்கலாம். ஒரு முறைக்கு 200 யுவானைத் தாண்டினால் 3 விழுக்காடு கட்டணம். இதையெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய இரவே முடித்துவிட வேண்டும்.

ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 1912-இல் கட்டத் தொடங்கிய கெஜி தோட்டம் போன்ற இடங்களுக்கு மட்டும் சீட்டு. நேரம் குறைவு என்றால் தோட்டம் ஒன்றே போதும் என்று சீட்டுக் கூடத்திலேயே சொன்னவருக்கு நன்றி. 1903-இல் தொடங்கிய பழைய அஞ்சலகத்தில் எங்கள் அஞ்சலட்டைகளின் முகவரியைச் சரிபார்த்தவருக்கும் நன்றி.

கடைசியாக, விடிகாலையில் படகில் வந்து கோல்வலையால் இலையும் குப்பையும் அள்ளுகிறவர்களுக்கும், ஆற்றுப்படியில் காய்கறி கழுவும்போது எங்கள் கூட்டத்துக்கு ஒதுங்கி வழிவிட்ட வீட்டுக்காரர்களுக்கும். இனி வரும்போது அக்டோபர் முதல் வார விடுமுறையையும் மே விடுமுறையையும் தவிர்த்து, வாரநாளில், காலை 9 மணிக்கே வந்துவிடுகிறோம். உங்கள் வாசலில் நின்று படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஷாங்காயிலிருந்து ஒருநாள் பயணக் குழுவினர்