கிறிஸ்துமஸ் தாத்தாவின் சுற்றுப்பாதையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் வந்தால் போதும், ஜெமினி 6 என்ற அமெரிக்க விண்கலத்தில் போனவர்கள் மர்மப் பொருளைப் பார்த்தார்கள் என்ற துணுக்கு எங்காவது அச்சில் வந்துவிடுகிறது. பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் என் வருத்தம். 1965 டிசம்பர் 16 அன்று, பூமிக்குத் திரும்பும் முன், வடக்கிலிருந்து தெற்கே ஏதோ போகிறது, துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் போல இருக்கிறது, ரொம்பத் தாழ்வாகப் போகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்கள். அப்புறம் கேட்டது மவுத் ஆர்கனும் குட்டி மணிகளும்! அந்த விண்கலத்தில் இருந்த வாலி ஷிர்ராவும் டாம் ஸ்டாஃபோர்டும் 'ஜிங்கிள் பெல்ஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டை வாசித்தார்கள், மர்மப் பொருள் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிதான் என்ற குறும்பு அது. விண்வெளியில் முதன்முதலில் ஒலித்த இசைக்கருவிகள் அவை.

செயற்கைக்கோள் பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் எங்களுக்கு அந்தக் குறும்பில் ரொம்பப் பிடித்தது, பாதையைச் சரியாகச் சொன்னதுதான். தாத்தாவின் வீடு வட துருவத்தில் என்பது கதை. அங்கே நின்றுகொண்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் அது தெற்கு, அதனால் அவர் வண்டிக்கு 90 பாகைச் சாய்வைத் (பூமத்திய ரேகையோடு பாதை செய்யும் கோணம்) தவிர வேறு பாதை கிடையாது. தாழ்வாகப் பறந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம், அதற்குள் பூமி 22.5 பாகை திரும்பிவிடும், ஒரே நாளில் பூமியின் எல்லாப் பக்கமும் ஒரு சுற்று வந்துவிடலாம். அவருக்கு இதைவிடப் பொருத்தமான பாதையே இல்லை.

ஆர்வலர்கள் பண்டிகை நேரத்தில் அந்தச் சறுக்குவண்டிக்கு, நிஜச் செயற்கைக்கோள்களுக்கு இருப்பது போலவே, இரண்டு வரி சுற்றுப்பாதை எண்களை எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது இந்தக் குதூகலத்தில்தான். எண்கள் தப்பாக இருந்தால் சிரிப்பு வராது. பரிசுகளை இறக்க இறக்க வண்டியின் எடை குறையும், ஆனால் அளவு குறையாது, அதனால் காற்றுத்தடை அதை முன்பைவிட வேகமாகக் கீழே இழுக்கும், கடைசிச் சுற்றுகளுக்கு அந்த இரண்டு வரியில் உள்ள காற்றுத்தடை எண்ணைக் கூட்டியே போட வேண்டும். நள்ளிரவில் அவரை யாரும் பார்க்காததற்கும் காரணம் உண்டு. தாழ்வான செயற்கைக்கோள் சூரிய ஒளி பட்டால்தான் நமக்குத் தெரியும், குளிர்கால நள்ளிரவில் அது பூமியின் நிழலுக்குள் இருக்கும். மூக்கு விளக்குபோல ஒளிரும் சிவப்பு மூக்குக் கலைமானைத் தாத்தா ஏன் வண்டிக்கு முன்னால் கட்டினார் என்று இப்போது புரிகிறதா?

இதையெல்லாம் வேலையற்றவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாய்வு, சுற்றுக் காலம், காற்றுத்தடை, நிழல் என்று பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் தூங்கிவிடும் விஷயங்கள் அத்தனையும் இந்த ஒரு வண்டியில் ஏறிவிடுகின்றன. 1955-இல் அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தொடங்கிய தாத்தா கண்காணிப்பை, அதாவது அவர் இப்போது எங்கே வருகிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் விளையாட்டை, அடுத்து வந்த நோராட் என்ற வட அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பு இன்றுவரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் விடாமல் செய்துவருகிறது.

எனவே என் வேண்டுகோள்: இந்த டிசம்பரில் சிறுவர் பகுதியில் ஜெமினி 6 கதையை முழுசாகப் போடுங்கள், பக்கத்திலேயே சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும் நேரத்தையும் கொடுங்கள். சிமிட்டாமல் நகரும் அந்த வெளிச்சத்தைத் தாத்தாவின் வண்டி என்று சொல்லிக் காட்டும் பெற்றோர் நிறைய இருக்கிறார்கள். காட்டட்டும், சந்தோஷம்தான். ஆனால் அந்த நிலையத்தின் சாய்வு 51.6 பாகை, அது துருவத்துக்கு மேலே போவதே இல்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்படியானால் அது தாத்தாவின் வண்டியாக இருக்க முடியுமா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
வானம் பார்க்கும் வாசகர்