மிட்டாய் தின்று வந்த நோயல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்கு ஆறு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து தண்ணீர் கேட்டாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் காலையில், அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்தயாக்கும், இப்பப் பாரு" என்றார்கள். மூன்று வருஷமாக அதே பேச்சு.

நடந்தது வேறு. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் நன்றாக வேலை செய்யும். வயதுக்கு வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். நோயை எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைச் சோதித்து வெளியே அனுப்புவது அதுதான். எங்கள் ஊரில் கடலைக்காயை முறத்திலிட்டுப் புடைக்கும்போது பொக்கையும் தள்ளுவோம், கல்லையும் பொறுக்குவோம். எதற்கும் உதவாத செல் பொக்கு. சொந்த உடம்பையே தாக்கக்கூடியது கல். பெரும்பாலான செல்கள் இந்தச் சோதனையிலேயே மடிந்துவிடுகின்றன. எது நம்முடையது என்று தெரிய, உடம்பின் பல புரதங்களைத் தைமஸ் அந்தச் செல்களுக்கு மாதிரி காட்டுமாம், இன்சுலின் உட்பட.

எவ்வளவு புடைத்தாலும் ஒன்றிரண்டு கல் தங்கிவிடும் அல்லவா? அவற்றை அடக்கி வைக்கத் தனியாகச் சில டி செல்கள் உண்டு. பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை எடுத்துவிட்ட சுண்டெலிக் குஞ்சுகளுக்கு, உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் வந்தது. சில நாள் கழித்து எடுத்தால் வரவில்லை. ஏன் என்று தேடிய ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி, 1995இல் அந்தக் காவல் செல்களை அடையாளம் காட்டினார். மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு அவருக்கு 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் கிடைத்த செய்தியைப் படித்துவிட்டு, வெகுநேரம் பேப்பரைக் கையிலேயே வைத்திருந்தேன்.

என் மகளுக்கு இந்த இரண்டு காவலும் தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துவிட்டன. இதில் இனிப்புக்குப் பங்கில்லை. டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் இலவசமாகக் கொடுக்கும் கேரள அரசின் திட்டத்துக்கு 'மிட்டாயி' என்று பெயர். அதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

'இனிப்பைக் குறையுங்கள், நடங்கள், சர்க்கரை ஓடிப்போகும்' என்று டைப் 2 சர்க்கரைக்காகப் பத்திரிகைகளில் வரும் குறிப்புகளைக் கத்தரித்து என்னிடமே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஊசியை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயம் கொடு என்று சொன்னவரும் உண்டு. இன்சுலினை நிறுத்தினால் இந்தப் பிள்ளைகள் சில நாளிலேயே உயிருக்குப் போராட வேண்டியிருக்கும். தயவுசெய்து, இனி சர்க்கரை பற்றி எழுதும்போதெல்லாம் அது எந்த வகைக்கு என்று முதல் வரியிலேயே போடுங்கள்.

ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்