சுத்தியல் அடி வாங்கிய புல்லி

மண்டபம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ வேலையில் இருப்பாய், "அப்புறம் பேசுறேம்ப்பா" என்று வைத்துவிடுவாய். தவிர, இது நேரில் சொல்லக் கொஞ்சம் கூச்சப்படுகிற சங்கதி.

வேனை நீ சொன்ன மாதிரி எடைக்குப் போடவில்லை. ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை, 61 நாளைக்கு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருகிற மீனுக்கு வேன் எதற்கு, டிவிஎஸ் எக்ஸெல் போதும். சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்துவிடலாம் என்று பானட்டைத் திறந்தேன்.

அந்தக் கீச்சுச் சத்தம் உனக்கு நினைவிருக்கும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரே வருஷத்தில் இரண்டு பெல்ட் மாற்றினேன், இரண்டும் ஒரே பக்க விளிம்பில் தேய்ந்து கறுப்புத் தூளாய்க் கொட்டியது. பெல்ட் போலி என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டேன். இன்ஜின் ஓடும்போது எட்டிப் பார்த்தால் பவர் ஸ்டீயரிங் பம்பின் புல்லி, அதுதான் பெல்ட் ஓடுகிற சக்கரம், தலையாட்டிக்கொண்டு சுற்றியது. மெக்கானிக் பார்த்துவிட்டுப் பம்பையே மாற்றச் சொன்னார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இன்ஜினை அணைத்துப் பெல்ட்டைக் கழற்றினேன். புல்லியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அது உட்கார்ந்திருக்கிற தண்டு, ஷாஃப்ட்டும் சேர்ந்து ஆடினால் பம்பு பேரிங் போச்சு. ஆடவில்லை, கல் மாதிரி நின்றது. நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு கட்டுக்கம்பியை வளைத்து, நுனி புல்லி விளிம்பைத் தொடுகிற மாதிரி வைத்துக் கையால் சுற்றினேன். ஒரு பக்கம் உரசியது, எதிர்ப்பக்கம் வந்ததும் இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றது. ஷாஃப்ட் நுனியில் வைத்தால் விலகலே இல்லை. கோணல் இருந்தது புல்லியில்தான். பெல்ட்டை ஓட்டுகிற இன்ஜின் பக்கத்துக் கிராங்க் புல்லியையும் பார்த்துக்கொண்டேன். அதன் நடுவில் இருக்கிற ரப்பர் விட்டுப்போனாலும் பெல்ட் இப்படித்தான் துடிக்கும், பழி பம்பு மேல் விழும்.

கழற்றிப் பார்த்தால் விளிம்பில் மூன்று இடத்தில் நசுங்கல். அந்தத் தழும்பைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயில் ஒழுகியதற்காகப் பம்பை இறக்கினேன் அல்லவா, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீதான் டார்ச் பிடித்தாய். புல்லி துருப்பிடித்து வர மறுத்தது. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீரும் கடல் காற்றும் சேர்ந்தால் எந்த இரும்பு தாங்கும்? "புல்லர் வாங்கிட்டு வந்து நாளைக்குக் கழட்டலாம்ப்பா" என்றாய், புல்லியை அடிக்காமல் இழுத்துக் கழற்றுகிற கருவியைச் சொல்லி. "உனக்கு என்ன தெரியும், டார்ச்சை ஒழுங்காப் பிடி" என்று கத்திவிட்டு, பின்னால் கடப்பாரை நுனியைக் கொடுத்து, சுத்தியலால் போட்டேன். தகட்டுப் புல்லி, வளையாமல் என்ன செய்யும்? பம்பு பிழைத்தது அதிர்ஷ்டம்தான். உள்ளே ரோட்டரில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள் செருகியிருக்கும். ஷாஃப்ட் தலையில் விழுகிற அடி நேரே அங்கேதான் போய் இறங்கும்.

மதுரையில் பழைய சாமான் கடையில் அதே அளவு, அதே பள்ளம் உள்ள புல்லி கிடைத்தது. லேத் பட்டறையில் சுற்றவிட்டு நெளிவு இல்லையென்று பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். ஷாஃப்ட்டை எமரி தாள் போட்டுத் தேய்த்து, புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டுகிற சாவித் துண்டைப் புதிதாகப் போட்டு, புல்லியைக் கையாலேயே ஏற்றி நட்டை முறுக்கினேன். கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரி இரண்டு புல்லிக்கும் நூல் பிடித்தேன், ஒரே கோட்டில் நின்றது. ஆயில் குழாயைக் கழற்றாததால் உள்ளே புகுந்த காற்றை எடுக்கிற வேலையும் மிச்சம்.

நேற்று அரியமான் கடற்கரை வரைக்கும் ஓட்டிப் போனேன். நீ வண்டி பழகிய அந்தச் சவுக்குத் தோப்போரம் நிறுத்தி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அன்றைக்கு உன்னைக் கத்தியதுதான் வழியெல்லாம் உறுத்தியது. நீ சொன்னதுதான் சரி, தாயி.

பெல்ட் கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். சிரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார்.

புல்லர் ஒன்று சொந்தமாகவே வாங்கிவிட்டேன். அம்மா விலை கேட்டாள். பழசு, சும்மா கொடுத்தார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

அப்பா