நடுவர் மேல் என்ன கோபம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ்பாலுக்குத் தங்கை ஆட்டமான சாஃப்ட்பாலில் பள்ளி மாணவிகள் ஆடிய போட்டி பற்றி உங்கள் வேலூர் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். "நடுவர் அடிக்கடி குறுக்கிட்டு ஆட்டத்தின் விறுவிறுப்பைக் கெடுத்தார்" என்று ஒரு வரி. எங்கள் ஆட்டத்துக்கு நீங்கள் ஒதுக்கியதே நாலு வரி. அதில் ஒன்றை நடுவரைத் திட்டச் செலவழித்திருக்கிறீர்கள். நன்றி.

நானும் அன்று மைதானத்தில்தான் இருந்தேன். பந்து வீசிய பெண், அதாவது பிட்சர், வீசும்போது கால் ஊன்றவேண்டிய பிளேட்டிலிருந்து காலை எடுத்து, முன்னால் மறுபடி ஊன்றி, அங்கிருந்து உந்தி வீசினாள். க்ரோ ஹாப் என்பார்கள், உங்களுக்குத் தெரியாததல்ல. கண் தவறவிட்டாலும் மண் காட்டிக்கொடுத்துவிடும். பிளேட்டிலிருந்தே கால் இழுபட்ட கோடு தெரிந்தால் சரி. கோடு அறுந்து, முன்னால் தனியாக ஒரு குழி விழுந்திருந்தால் இல்லீகல் பிட்ச், விதிமீறிய வீச்சு. அன்று மூன்றாவது இன்னிங்ஸுக்குள் அந்தக் குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 2024 முதல் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். மறுபடி ஊன்றி உந்துவதை அங்கேயும் விடவில்லை. பிட்சருக்கும் பேட் பிடிப்பவளுக்கும் நடுவில் இருப்பதே 43 அடி. அதிலும் திருடினால் பேட் பிடிக்கும் பெண் என்ன செய்வாள்?

நடுவர் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை, ஐயா. தவறு என்பதற்கு அடையாளமாக இடது கையை முஷ்டி மடக்கி நீட்டினார், பந்தை ஓடவிட்டார். பேட்டர் அடித்து, ஓடித் தொடவேண்டிய முதல் முனையான முதல் பேஸைத் தொட்டு, மற்ற ரன்னர்களும் ஒரு பேஸ் முன்னேறிவிட்டால் அத்தோடு சரி. இல்லாவிட்டால்தான் தண்டனை. பிட்சர் செய்யும் தவறை முதல் இன்னிங்ஸிலேயே கோச்சைக் கூப்பிட்டுச் சொன்னார். உங்கள் நிருபர் தம்பி அப்போது நிழல் தேடிப் போயிருக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

என்னிடம் படித்த ஒரு பெண் இதே தவறைச் செய்தபோது அவளை இங்கே எல்லா நடுவர்களும் "சின்னப் பிள்ளை" என்று விட்டார்கள். நான் கேட்டால், "டீச்சர், நம்ம பிள்ளையை நீங்களே காட்டிக்கொடுக்கிறீங்களே" என்பார்கள். மாநிலப் போட்டியில் பந்துக்குப் பந்து இல்லீகல் கொடுத்தார்கள். பழகிய காலை ஒரே நாளில் எப்படி மாற்றுவாள்? அழுதுகொண்டே வெளியே வந்தவள், அப்புறம் பிட்ச் செய்யவே இல்லை. அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

எங்கள் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் தூக்கிய பிறகுதான் பளுதூக்குதல் என்று ஒன்று இருப்பதே பலருக்கு உறைத்தது. சாஃப்ட்பால் 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வருகிறது. அதற்குள் தெருமுனை கிரிக்கெட்டுக்குப் போடும் படத்தில் பாதி அளவாவது போடுவீர்களா என்று கேட்க மாட்டேன்.

கேட்பது ஒன்றுதான். பல மைதானங்களில் பிட்சிங் பிளேட்டே கிடையாது, சுண்ணாம்புக்கோடு மட்டும்தான். இரண்டாவது இன்னிங்ஸில் அதுவும் அழிந்துவிடும். கால் எங்கே இருந்தது என்று நடுவர் எதை வைத்துச் சொல்வார்? 24 அங்குல ரப்பர் பிளேட்டை ஆணியடித்துப் பதித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள் என்று போட்டி நடத்துகிறவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.