ரத்தக்காட்டேரிக்கு ஓர் இரவுக் காட்சி கொடுங்கள்

திரைப்பட விழாத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன வருடம் ஒரு விழாவில் படம் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு உதவியாக உட்கார்ந்திருந்தேன். ரத்தக்காட்டேரியை வைத்து எடுத்த நகைச்சுவைக் குறும்படம் ஒன்று வந்தது. கோரைப்பல் பிளாஸ்டிக் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஏழாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

காசில்லாதவர்கள் எடுப்பதற்கென்றே அமைந்த வகை இது. 2014-இல் வெளிவந்த நியூசிலாந்துப் படம் 'வாட் வி டூ இன் த ஷேடோஸ்' பாருங்கள். டைக்கா வைட்டிட்டியும் ஜெமெய்ன் கிளமென்ட்டும் எழுதி, இயக்கி, நடித்தது. வெலிங்டனில் ஒரே வீட்டில் குடியிருக்கும் காட்டேரிகளை ஆவணப்படக் குழு ஒன்று பின்தொடர்வதுபோல் கதை. ஐந்து வருடமாகப் பாத்திரம் கழுவாதவனை உட்காரவைத்துப் பஞ்சாயத்து நடக்கிறது. இன்னொருவன், கடிக்கப்போகும் பெண்ணைச் சுற்றிக் கறை படக் கூடாதென்று செய்தித்தாளைப் பதவிசாக விரிக்கிறான். கடைசியில் பெரிய ரத்தக்குழாயில் பல் பட்டு எல்லா இடத்திலும் பீய்ச்சி அடிக்கிறது.

யாராவது அழைக்காமல் காட்டேரி வாசற்படி தாண்டாது என்பது பழைய நம்பிக்கை. அதனால் இவர்கள் இரவு விடுதி வாசலில் நின்று, உள்ளே கூப்பிடச் சொல்லிக் காவலாளியிடம் கேட்கிறார்கள். கண்ணாடியில் உருவம் தெரியாது. உடை எடுப்பாக இருக்கிறதா என்று கூட இருப்பவன்தான் சொல்ல வேண்டும். இந்த விதிகளுக்கு யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிரிப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 16 லட்சம் அமெரிக்க டாலர் என்கிறார்கள். ஹாலிவுட் கணக்கில் அது சொற்பம். ஆனால் இதே யோசனையை வைட்டிட்டியும் கிளமென்ட்டும் பல வருடம் முன்பே குறும்படமாக எடுத்துப் பார்த்திருந்தார்கள். உங்கள் மேசைக்கு வருவதும் குறும்படங்கள்தானே? அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா 2014-இல் அந்த முழுநீளப் படத்தை நள்ளிரவுப் பிரிவில் போட்டது. அதே வருடம் டொராண்டோ விழாவின் நள்ளிரவுப் பிரிவில் பார்வையாளர் விருதும் கிடைத்தது.

நம் விழாக்களிலும் ஓர் இரவுக் காட்சியை இதற்கென்று ஒதுக்குங்கள். தேர்வுக்குப் பார்க்கும்போது தனியாக லேப்டாப்பில் பார்க்காமல் நாலு பேராகச் சேர்ந்து பாருங்கள். முழுதாகப் பாருங்கள்.

நிறுத்திய அந்தப் படத்தை இயக்குநரிடம் கேட்டு வாங்கி அப்புறம் பார்த்தேன். பதினோராவது நிமிடத்தில்தான் விஷயமே இருந்தது. அது பல்லெல்லாம் கொட்டிப்போன கிழட்டுக் காட்டேரி. பல்செட்டு மாட்டிக்கொண்டு வேட்டைக்குக் கிளம்பியிருக்கிறது.

அன்புடன்,
ஒரு ரசிகன்