பண்டிகை நாளில்தான் கேட்க முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து ஜவுளிக்கடை வாசலில் ஊழியர்கள் கொடி பிடிப்பது தர்மமில்லை, கேட்பதைக் கார்த்திகையில் கேட்கட்டும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையின் புடவைப் பிரிவில் 19 வருடம் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இறங்க இரவு பத்தாகும். ஆடித் தள்ளுபடியின்போது பதினொன்று.

ஆள் நடமாட்டமில்லாத மதியத்திலும் அலமாரியில் சாயக் கூடாது. சாய்ந்தால் சூப்பர்வைசர் நோட்டில் குறிப்பார், மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடிப்பார்கள். பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். 35 வயதில் என் கெண்டைக்கால் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. என்னோடு ஹாஸ்டலில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அதே கால்தான். ஒரு ஸ்டூல் என்ன விலை இருக்கும்? நான்கு மாடிக் கடை கட்டியவர்களால் வாங்க முடியாததா? ஊழியர் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிற மாதிரி தெரியும் என்றார்கள்.

இதே நிலையில் இருந்த கேரளப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி முன்னின்று ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு இருக்கை. திருச்சூரில் ஒரு புடவைக்கடையின் வாசலில் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தே போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்க்கும் நேரத்தில் உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது அது.

அந்தச் சட்டத்துக்காக நான் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. கையெழுத்து கேட்டு வந்த பெண்ணிடம் முடியாது என்றேன். தங்கை கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய அட்வான்ஸ் பாக்கி இருந்தது. இன்றும் அதை நினைத்தால் உறுத்துகிறது. அதனால்தான் அந்த வாசகர் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வேலைக்குப் போகிற பெண்களை வாசலில் நிற்பவர்கள் “கருங்காலி” என்று ஏசுவது தப்பு. அவளுக்கு என்ன கடனோ, ஊரில் யார் படுத்த படுக்கையோ யாருக்குத் தெரியும்? கோபம் முதலாளிமேல் இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

ஆனால் நேரம் பார்த்துக் கேட்பது தப்பில்லை. கார்த்திகையில் கடையில் ஈ ஓட்டுவார்கள். அப்போது பத்துப் பேர் வெளியே நின்றால் அன்றைக்குச் சம்பளம் மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். விலையை ஏற்றவும் வேலை நேரத்தை நீட்டவும் முதலாளி பண்டிகையைத்தானே பார்க்கிறார்? ஊழியர் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது? அவர்களுக்கே நட்டம் என்கிறார் வாசகர். உண்மைதான், இன்சென்டிவ் கையில் வருவதே அந்த ஒரு மாதம்தான். அதை விட்டுவிட்டு ஒருத்தி வெயிலில் வந்து நிற்கிறாள் என்றால் உள்ளே அவள் பட்டது எவ்வளவு இருக்க வேண்டும்.

சட்டம்தான் வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போன மாதம் அக்காள் மகளுக்குக் கூறைப்புடவை எடுக்கப் போனோம். தூணுக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் கட்டுக்கட்டாகக் கேரிபேக். எங்களுக்கு நாற்பது புடவை பிரித்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பைகளைக் கீழே இறக்கிவைத்து, “செத்த உட்காரும்மா” என்றேன். அவள் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வேண்டாங்க்கா” என்று மடிக்கத் தொடங்கினாள்.

தொழிலாளர் துறை ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கை இருக்கிறதா என்று காலையில் வந்து எண்ணிவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு வாருங்கள். கேமரா இல்லாத இடத்தில் அந்தப் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு எத்தனை தடவை உட்கார்ந்தாய் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விற்பனைப் பணியாளர் (பெயர் வெளியிட வேண்டாம்),
அம்பாசமுத்திரம்.