வரவைக் கேளுங்கள், செலவைக் கேட்காதீர்கள்

தொழில் அமைச்சிலும் நலன்புரி நன்மைகள் சபையிலும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையிலும் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம்.

வேலையிழந்தவர்களுக்கு ஒரு கொடுப்பனவு வேண்டும் என்ற பேச்சு இலங்கையில் பல ஆண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. இன்று வேலை போனவருக்குப் பொதுவாகக் கிடைப்பது, ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை; அதோடு முதலாளி 3 சதவீதமாகக் கட்டிவந்த ஊழியர் நம்பிக்கை நிதி. ஊழியர் சேமலாப நிதியில் அவருடைய 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்து கிடக்கும். ஆனால் ஆணென்றால் 55, பெண்ணென்றால் 50 வயது வரும்வரை அதில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஆகவே என்றோ ஒருநாள் நீங்கள் அந்தத் திட்டத்தை எழுதத்தான் போகிறீர்கள். அப்போது விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், இணைக்கவேண்டிய ஆவணங்களின் கீழே, யாரோ ஓர் உத்தியோகத்தர் பழக்கதோஷத்தில் ஒரு வரி சேர்ப்பார்: "கடந்த ஆறு மாத வங்கிக் கூற்று, ஒவ்வொரு பக்கத்திலும் வங்கியின் முத்திரையுடன்." அந்த ஒரு வரி வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வங்கியொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வதும் இந்த உத்தியோகத்தில் அடக்கம்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி, புறக்கோட்டைத் துணிக்கடையொன்றில் கணக்கெழுதிய பெண். கடையை மூடிவிட்டார்கள். உதவி வழங்கும் ஓர் அலுவலகம் அவளிடம் ஆறு மாத வங்கிக் கூற்றைக் கேட்டிருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று வங்கிக்குக் கட்டணம் கட்டி, முத்திரை குத்தி வாங்கி வந்திருந்தாள். சம்பளம் நின்றுபோன மாதம் முதற் பார்வையிலேயே தெரிந்தது. அலுவலகத்துக்குத் தேவையானது அவ்வளவுதான். மிச்சப் பக்கங்களில் இருந்தது வேறு.

மாதம் தவறாமல் ஒரே பெயருக்கு ஒரே தொகை: சீட்டுக் காசு. அடகுக் கடைக்கு வட்டி. ஒரு சட்டத்தரணிக்கு இரண்டு முறை கட்டணம். டொராண்டோவிலிருந்து அண்ணன் அனுப்பிய பணம், ஒவ்வொரு முறையும் வேறு தொகை. பிறகு, மகரகமவில் ஒரு மருந்துக்கடை. மாதத்தில் இரண்டு தரம், மூன்று தரம், அதே கடை. கொழும்பில் பிறந்து வளர்ந்த எவருக்கும் மகரகம என்றால் புற்றுநோய் வைத்தியசாலைதான் முதலில் நினைவுக்கு வரும். கொட்டாஞ்சேனைப் பெண் மருந்து வாங்க அங்கே ஏன் போகிறாள் என்று எந்த எழுதுவினைஞரும் யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அங்கிள், இதை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுக்கலாமா?"

அடித்தால் ஆவணத்தைத் திருத்தியதாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அவளுக்கும் அது தெரியும். விண்ணப்பத்தை அவள் கொடுக்கவே இல்லை.

அதே கேள்வியை ஜெர்மனியில் ஒருவர் நீதிமன்றம்வரை கொண்டுபோனார். அந்நாட்டின் உச்ச சமூக நீதிமன்றம் 2008 செப்டெம்பரில் தீர்ப்புச் சொன்னது. வேலையற்றோருக்கான அடிப்படைக் கொடுப்பனவைக் கோருபவரிடம் மூன்று மாத வங்கிக் கூற்றைக் கேட்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு. வந்த பணத்தை மறைக்க முடியாது. ஆனால் செலவுப் பக்கத்தில், கட்சிச் சந்தா, தொழிற்சங்கச் சந்தா, மதம், உடல்நலம் போன்றவற்றைக் காட்டிக்கொடுக்கும் பெயர்களைக் கறுப்பு மையால் அடிக்கலாம். தொகை மட்டும் தெரிந்தால் போதும். அரசின் கவலையையும் மனிதரின் மானத்தையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த தீர்ப்பு அது. இங்கே அப்படியொரு வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

நான் வங்கியில் சேர்ந்தபோது இரகசியம் காப்பதாகக் கையொப்பமிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தின் 77 ஆம் பிரிவும் அதைத்தான் கேட்கிறது. கணவனின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மனைவி வந்து கேட்டாலும் வாய் திறக்க மாட்டோம். அவ்வளவு கட்டுக்காவலில் இருந்த அதே விபரம், முத்திரை குத்திய தாளாக வங்கியின் வாசலைத் தாண்டியதும் என்ன ஆகிறது? போட்டோக் கொப்பிக் கடையில் ஒரு பிரதி கூடுதலாக விழுகிறது. அலுவலக மேசையில், அடுத்தவர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் திறந்து கிடக்கிறது. பிறகு ஒரு கோப்புக்குள் போய், அந்தக் கோப்பு அலுமாரிக்கு மேலே ஏறி, வருடக்கணக்கில் தூசு பிடிக்கிறது. காலிமுகத்திடலில் கடலை வாங்கிய எவரும் சுருளை விரித்துப் பார்த்திருப்பார்கள்: யாருடையதோ விடைத்தாள், யாருடையதோ பற்றுச்சீட்டு. அரச காகிதத்தின் முதுமை எப்படிக் கழிகிறது என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டாம்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கொழும்பில் வாழும் எங்கள் குடும்பங்களில் பலவற்றுக்கு இலண்டனிலோ கனடாவிலோ சுவிஸிலோ ஒருவர் இருக்கிறார். "வெளிநாட்டிலிருந்து யார் பணம் அனுப்புகிறார்கள், எதற்கு?" என்ற கேள்வியை நாங்கள் அலுவலக மேசைகளில் மட்டும் சந்தித்தவர்கள் அல்லர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. சாதாரண நலன்புரி உத்தியோகத்தர் அதே கேள்வியை நல்ல மனத்தோடு கேட்டாலும், கேட்கப்படுபவருக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்தப் பணம் அனுப்பிய அண்ணன் விண்ணப்பதாரர் அல்ல. சீட்டுப் பிடிக்கும் அக்காவும் விண்ணப்பதாரர் அல்ல. ஆனாலும் அவர்களின் பெயரும் தொகையும் திகதியும் உங்கள் கோப்பில் ஏறிவிடுகின்றன. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பொய் சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள்தான், அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் இரண்டு வீடும் ஒரு வானும் வைத்திருப்பவர் அந்த வருமானத்தைத் தன் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் வரிசையாகப் போட்டுவைப்பதில்லை. வங்கிக் கூற்றில் முழுதாக அகப்படுபவர் ஒளிக்க எதுவுமில்லாதவர்தான். நாட்கூலிக்கு வேலை செய்து கையில் காசு வாங்கியவருக்கோ கூற்றில் எதுவுமே இருக்காது. அவருடைய வேலையிழப்பை அது எந்த வகையிலும் நிரூபிக்காது.

மாதச் சம்பளக்காரரைப் பொறுத்தவரை, வேலை போய்விட்டதா என்பதை அறிய வங்கிக்குப் போகவே தேவையில்லை. ஊழியர் சேமலாப நிதியை நிர்வகிப்பது தொழில் திணைக்களம். நிதியைப் பொறுப்பில் வைத்திருப்பது மத்திய வங்கி. ஒருவரின் பங்களிப்பு எந்த மாதத்தோடு நின்றது என்பது ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. தன் அலுமாரியில் இருப்பதைத் தேடச் சோம்பல்பட்டு, பிரஜையின் அலுமாரியைத் திறக்கச் சொல்வது என்ன நியாயம்?

வேறு சேமிப்போ வருமானமோ உண்டா என்று பார்க்க வேண்டுமானால், வங்கியிடமிருந்து ஒரு பக்கச் சான்றிதழ் வாங்குங்கள். குறிப்பிட்ட நாளில் இருந்த மீதி, மாதவாரியாக வந்த மொத்தத் தொகை, சம்பளம் கடைசியாக விழுந்த திகதி. இவ்வளவும் கணினியில் இருப்பவை. அச்சிட்டுக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும். விண்ணப்பத்துக்குச் சற்று முன்பு பெரிய தொகை வெளியே போயிருந்தால் அதையும் தொகையாகக் குறிக்கச் சொல்லலாம். சந்தேகம் வந்தால் அந்தக் கொடுக்கல் வாங்கலைப் பற்றி மட்டும் எழுத்தில் கேளுங்கள். தாய்க்கு மருந்து வாங்க அண்ணன் அனுப்பிய பணத்தை வருமானமாகக் கணக்கிடுவீர்களா, மாட்டீர்களா என்பதையும் படிவத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிவிடுங்கள். அதை மேசையிலிருப்பவரின் மனநிலைக்கு விட்டுவிட்டால் கொட்டாஞ்சேனையில் ஒரு சட்டமும் கொலன்னாவையில் இன்னொரு சட்டமும் நடக்கும்.

வறிய குடும்பங்களுக்கான அரசின் உதவித்தொகைத் திட்டமான அஸ்வெசும 2023 இல் தொடங்கியபோது 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரித்தீர்கள். அந்த முறையில் எனக்கு ஆயிரம் குறை உண்டு. யார் மீதும் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்ற ஏற்பாடு அயலவர்களை ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் எட்டிப் பார்க்க வைத்தது. ஆனாலும் அங்கே வங்கிக் கணக்கு தேவைப்பட்டது பணத்தை அனுப்புவதற்காக. பணம் போடக் கணக்கிலக்கம் கேட்பது வேறு, கணக்குக்குள் இறங்கிப் பார்ப்பது வேறு. புதிய திட்டத்தில் இந்தக் கோடு அழிந்துவிடக் கூடாது.

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவை மட்டும் சேகரிக்க வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அரச நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்தும். முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய், 2025 இல் சட்டமே திருத்தப்பட்டது. சட்டம் முழுமூச்சில் இயங்கும்வரை கைகட்டி இருக்காமல், உதவி வழங்கும் அலுவலகங்கள் வங்கி விபரங்களை எப்படிக் கேட்கலாம், எத்தனை மாதம் வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம், எப்படி அழிக்கவேண்டும் என்று இப்போதே ஒரு வழிகாட்டியை வெளியிடுங்கள். அலுவலகம் அதைப் பின்பற்ற மறுத்தால் எங்கே முறையிடுவது என்பதும் அதில் இருக்கட்டும்.

வேலையிழப்புக் கொடுப்பனவுக்கான படிவம் வரைவு நிலையில் இருக்கும்போதே மும்மொழியிலும் வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தாருங்கள். தமிழ் வரைவை வாசித்துத் திருத்திக் கொடுக்க நான் தயார், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி எழுதுவினைஞர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13